கேமரா எந்தப் பக்கம்? கற்பனைக் கோடு பற்றி முதல் பாடம்

முதல் குறும்படம் எடுக்கும் மாணவர்களிடம் ஒரு காட்சி கட்டாயம் இருக்கும்: இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது. செலவில்லை. இடம் தேட வேண்டாம், சிங்கப்பூரில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை இருக்கிறது. நடிக்க நண்பர்கள் இருவர் போதும். எடுத்து முடித்து எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தால் எங்கோ உறுத்தும். வெளிச்சம் சரியாக இருக்கும், ஒலி சுத்தமாக இருக்கும், நடிப்பும் மோசமில்லை. ஆனாலும் அந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதுபோலத் தெரியாது. இருவரும் சேர்ந்து, ஃபிரேமுக்கு வெளியே நிற்கும் மூன்றாவது ஆளிடம் ஏதோ முறையிடுவதுபோல இருக்கும்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் கேமரா அந்தப் பக்கம் போய்விட்டது. இதைத் தவிர்க்கச் சொல்லும் பாடத்துக்கு 180 டிகிரி விதி என்று பெயர். படப்பிடிப்பில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை; இமாஜினரி லைன், அல்லது வெறும் லைன். “லைன் கிராஸ் ஆகுது” என்று யாராவது குரல் கொடுத்தால் கேமராவைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிடுவார்.

வகுப்புகளில் இதை ஒரு தடை உத்தரவுபோலச் சொல்லித்தருகிறார்கள்: கோட்டைத் தாண்டாதே, தாண்டினால் மதிப்பெண் போச்சு. எனக்கு அந்த முறையில் அவ்வளவு சம்மதமில்லை. தாண்டாமல் இருப்பதைவிட, எப்போது தாண்டுவது என்று தெரிந்திருப்பதுதான் இயக்குநருக்குப் பயன்படும். கதை திரும்பும் இடமும் கோடு திரும்பும் இடமும் ஒன்றாக அமைந்துவிட்டால், வசனத்தில் பாதியை வெட்டிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் கோடு என்பது என்ன, எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

திரைக்கு இடமும் வலமும்தான்

நாம் ஓர் அறைக்குள் நிற்கும்போது யார் எங்கே இருக்கிறார் என்று யோசிப்பதே இல்லை. தலையைத் திருப்பினால் தெரியும். பின்னால் யாராவது நாற்காலியை இழுத்தால் காது சொல்லிவிடும். படம் பார்ப்பவருக்கு இந்த வசதி இல்லை. அவர் முன்னால் இருப்பது தட்டையான ஒரு செவ்வகம். ஒவ்வொரு ‘கட்’டிலும், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும்போதெல்லாம், அது வேறோர் இடத்துக்குத் தாவுகிறது. அப்படியும் அவர் குழம்பாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால், மனத்துக்குள் ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறார் என்று அர்த்தம்: தம்பி இடப்பக்கம், அக்கா வலப்பக்கம், வாசல் அக்காவுக்குப் பின்னால். முதல் சில ஷாட்டுகளில் யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்பதை வைத்து அவரே போட்டுக்கொண்ட வரைபடம் அது.

கல்மேசைக்கு வருவோம். அக்காவும் தம்பியும் எதிரெதிரே. அவர்கள் இருவரின் கண்களையும் இணைத்து ஒரு நேர்க்கோடு போடுங்கள். இரண்டு முனைகளிலும் அதை அவர்களைத் தாண்டி நீட்டிவிடுங்கள். அந்த இடம் இப்போது இரண்டு பாதியாகப் பிரிந்துவிட்டது. ஒரு பாதி கார் நிறுத்துமிடத்தின் பக்கம், மறு பாதி மின்தூக்கியின் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். கேமரா கார் நிறுத்துமிடத்தின் பக்கம் இருக்கும்போது தம்பி இடப்பக்கம் உட்கார்ந்து வலப்பக்கம் பார்க்கிறான்; அக்கா வலப்பக்கம் உட்கார்ந்து இடப்பக்கம் பார்க்கிறாள். அந்தப் பாதிக்குள் கேமராவை எங்கே வைத்தாலும், தள்ளி வைத்தாலும் கிட்டே கொண்டுபோனாலும், தோளுக்குப் பின்னால் வைத்தாலும், இது மாறாது. அரை வட்டம் முழுக்க உங்களுடையது. 180 டிகிரி என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது.

இப்போது தம்பியை மட்டும் கார் நிறுத்துமிடத்தின் பக்கமிருந்து எடுக்கிறீர்கள். அவன் வலப்பக்கம் பார்க்கிறான். அடுத்து அக்கா. அவள் முகத்தில் வெளிச்சம் மின்தூக்கிப் பக்கமிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது என்று கேமராவை அங்கே கொண்டுபோகிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் அவளும் வலப்பக்கம்தான் பார்க்கிறாள். இரண்டு ஷாட்டையும் ஒட்டினால் இருவரும் ஒரே திசையை வெறிக்கிறார்கள். பார்ப்பவரின் வரைபடம் கிழிந்தது. நிஜத்தில் அவர்கள் எதிரெதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள், அதனால்தான் எடுத்தவருக்குத் தவறு தெரிவதில்லை. அவர் அந்த இடத்தில் இருந்தவர். திரையைப் பார்ப்பவர் அங்கே இருந்ததில்லை.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி தொலைக்காட்சியில் ஒரு காற்பந்து ஆட்டம். முக்கியமான கேமராக்கள் எல்லாம் மைதானத்தின் ஒரே பக்கத்தில் இருக்கும். அதனால்தான் முதல் பாதியில் ஓர் அணி எப்போதும் இடமிருந்து வலமாகவே தாக்குகிறது, நமக்குக் கோல் எந்தப் பக்கம் என்ற சந்தேகமே வருவதில்லை. எதிர்ப்பக்கக் கேமராவிலிருந்து மறுஒளிபரப்பு போடும்போது ‘ரிவர்ஸ் ஆங்கிள்’ என்று திரையில் எழுதிக் காட்டும் வழக்கம் உண்டு. எழுதாவிட்டால் சொந்தக் கோலுக்குள் அடித்ததுபோல ஒரு நொடி திகைப்பு வரும். குறும்படத்தில் அப்படி எழுதிக் காட்ட முடியாது.

கோடு பார்வையில் பிறக்கிறது

பலரும் கோட்டை மேசையோடும் அறையோடும் சேர்த்து நினைத்துக்கொள்கிறார்கள். மேசைக்குக் குறுக்கே சுண்ணாம்பால் போட்ட கோடு, படம் முடியும்வரை அது அங்கேயே இருக்கும் என்பதுபோல. அப்படி இல்லை. ஒருவர் பார்க்கிறார், எதைப் பார்க்கிறாரோ அதுவரை கோடு போகிறது. அவர் வேறொன்றைப் பார்த்தால் கோடும் அங்கே போகிறது. தனியாக உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பவருக்கும் கோடு உண்டு, அவர் கண்ணிலிருந்து கைப்பேசிக்கு. மின்தூக்கிக் கதவை வெறித்துக்கொண்டு நிற்பவருக்கும் உண்டு.

படப்பிடிப்பில் இதை ‘லுக்’ என்பார்கள். “லுக் எங்கே?”, “கேமரா லெஃப்ட் லுக்” என்ற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். குளோசப்பில் எதிரே இருக்க வேண்டிய நடிகர் சாப்பிடப் போயிருந்தால், லென்ஸின் சரியான பக்கத்தில் ஒரு டேப்பை ஒட்டி “இதுதான் உங்க அக்கா” என்று சொல்லி நடிக்க வைப்பார்கள். டேப் லென்ஸுக்கு இடமா வலமா என்பது அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு முடிவில்தான் காட்சி நிற்கிறது.

லுக்கின் திசை மட்டுமல்ல, அது லென்ஸுக்கு எவ்வளவு அருகில் என்பதும் பேசும். கேமராவைக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நடிகரின் இரண்டு கண்களும் தெரியும். நாம் அந்தப் பேச்சுக்குள் இழுக்கப்படுகிறோம். கோட்டிலிருந்து விலகினால் பக்கவாட்டு முகம், ஒரு கண்தான். வெளியே நின்று ஒட்டுக்கேட்பவராக ஆகிறோம். இருவரையும் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில், ஒரே லென்ஸில் எடுத்தால் இருவரும் சமம். தம்பியைக் கோட்டுக்கு ஒட்டியும் அக்காவை விலகியும் எடுத்தால், ஒரு வார்த்தை சொல்லாமலே காட்சி தம்பியினுடையதாகிவிடும். மாணவர்கள் இதைத் தற்செயலாகச் செய்துவிட்டு, ஏன் படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்பார்கள். தெரிந்து செய்தால் இதுவே நல்ல ஆயுதம்.

கண்மட்டத்தையும் மறக்க வேண்டாம். நிற்பவரிடம் உட்கார்ந்திருப்பவர் பேசினால் ஒருவர் லுக் மேலே, மற்றவர் லுக் கீழே. கேமராவின் உயரம் அதற்கேற்ப மாற வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள்

மேற்கத்தியப் பாடக் காணொளிகளில் கேமரா சுற்றிவரப் பெரிய பெரிய அறைகள் இருக்கும். நம் படங்கள் நடப்பது மூவறை வீட்டில். மொத்தமே 60 முதல் 65 சதுர மீட்டர். சமையலறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டால் டிரைபாட் வைக்க மூலை ஒன்றுதான் மிஞ்சும். எனவே கேமராவை எங்கே வைக்க முடிகிறதோ அங்கே வைப்பது என்று ஆகிவிடுகிறது. கோடு உடைவதற்கு இதுதான் முதல் காரணம், அறியாமை இரண்டாவதுதான்.

இதற்கு என்னுடைய யோசனை: கேமராவுக்கு இடம் தேடாதீர்கள், நடிகர்களுக்கு இடம் தேடுங்கள். முதலில் சன்னல் எங்கே என்று பாருங்கள். பகலில் அந்த வீட்டின் பெரிய விளக்கு அதுதான். இருவரையும் இணைக்கும் கோடு சன்னலுக்கு இணையாக ஓடும்படி உட்கார வையுங்கள். கேமரா சன்னலுக்கு எதிர்ப்பக்கம். அப்போது இருவர் முகத்திலும் சன்னல் பக்கக் கன்னம் வெளிச்சமாகவும், நம் பக்கக் கன்னம் சற்று நிழலாகவும் இருக்கும். முகத்துக்கு ஆழம் கிடைக்கும், இரண்டு குளோசப்புக்கும் வெளிச்சம் பொருந்தும். சன்னல் பின்னணியில் வந்து வெளுத்துப்போனால் மெல்லிய திரைச்சீலை போட்டுக்கொள்ளலாம். முக்கியமான விஷயம், வெளிச்சத்தைத் தேடிக் கோட்டைத் தாண்டும் ஆசையே வராது. நம் ஊரில் சூரியன் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஏழு மணிக்கு எழுந்து ஏழு மணிக்கு இறங்குகிறது, நண்பகலில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். சன்னல் வழியே சாய்வாக நல்ல ஒளி வருவது காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம்தான். அதற்குள் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடத் திட்டம் வேண்டும்.

சில வீடுகளில் சமையலறைச் சன்னல் பொது நடைபாதையைப் பார்த்தபடி இருக்கும். கேமராவை வெளியே வைத்து, சன்னல் கம்பிகளுக்கு ஊடாக எடுத்துப் பாருங்கள். இடமும் கிடைக்கும், கோட்டின் எந்தப் பக்கம் என்பதைச் சுவரே தீர்மானித்துவிடும். ஒன்று, கீழ்த்தளமும் நடைபாதையும் நகர மன்றத்தின் பொறுப்பில் இருப்பவை. அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். எம்ஆர்டி நிலையங்களுக்கும் அப்படித்தான், ரயில் நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

எப்போது தாண்டலாம்

அதே அக்கா, அதே தம்பி, இப்போது சமையலறையில். பெற்றோர் விட்டுப்போன வீட்டை விற்பதா வேண்டாமா என்பது பிரச்சினை. தம்பி இடப்பக்கம், அக்கா வலப்பக்கம்.

“வீட்டை விக்கிறதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியாக்கா?”

“நீ மொதல்ல சாப்பிடுடா.”

இதுவரை கேள்வி கேட்பவன் தம்பி. பிடி அவன் கையில். அக்கா எழுகிறாள். தட்டை எடுத்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நடந்து, இடப்பக்கம் இருக்கும் சிங்க்கில் போடுகிறாள். தண்ணீரைத் திறக்கிறாள். திரும்பி அவன் முதுகைப் பார்த்துச் சொல்கிறாள்: “மூணு மாசமா லோன் கட்டுறது யாருன்னு நெனச்சே?” அவன் நாற்காலியில் திரும்பி அவளைப் பார்க்கிறான்.

என்ன நடந்தது? தம்பி இப்போது இடப்பக்கம் பார்க்கிறான். அக்கா இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்க்கிறாள். இருவரும் திரையில் இடம் மாறிவிட்டார்கள், கோடு புதிது. ஆனால் பார்ப்பவர் குழம்பவில்லை, ஏனென்றால் அவள் நடந்ததை அவர் கண்ணால் பார்த்தார்; வரைபடத்தை அவரும் கூடவே திருத்திக்கொண்டார். பிடி தம்பி கையிலிருந்து அக்கா கைக்குப் போனதும் அதே நொடியில். நான் ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த வசனத்தைச் சொல்லியிருந்தால் அது வெறும் தகவல். எழுந்து, பின்னால் போய், அவனைத் திரும்ப வைத்துச் சொன்னதில் தகவலோடு ஓர் உறவின் எடையும் மாறுகிறது. இந்த நகர்வைக் கேமராமேன் கண்டுபிடிக்க மாட்டார். ஒத்திகையில் இயக்குநர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனவே கோட்டைத் தாண்ட முதல் வழி நடிகரை நகர்த்துவது. என் கணக்கில் அதுதான் சிறந்த வழியும். இரண்டாவது, கட் பண்ணாமல் கேமராவையே நகர்த்தி மறுபக்கம் கொண்டுபோவது. கேமராவை ஆடாமல் நகர்த்த டிராலியோ கிம்பலோ வேண்டும், சின்ன வீட்டில் நாற்காலியில் இடிக்கும். ஆனால் யாராவது ஓர் உண்மையைப் புரிந்துகொள்ளும் நொடியில் மெதுவாக முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்தால் அழகாக அமையும். மூன்றாவது, கோட்டின் மேலேயே கேமராவை வைத்து ஒரு ஷாட்: நடிகர் கிட்டத்தட்ட லென்ஸைப் பார்க்கிறார், இடமும் இல்லை வலமும் இல்லை. அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் போகலாம். கடைசி வழி, கோப்பிக் குவளையைக் காட்டிவிட்டுத் திரும்பி வரும்போது பக்கம் மாறியிருப்பது. எல்லாரும் முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஒட்டுப்போட்டது தெரியும். கதைக்கும் அந்தக் குவளைக்கும் சம்பந்தம் இருந்தால் மட்டும் போடுங்கள்.

வேண்டுமென்றே, முன்னறிவிப்பில்லாமல் தாண்டுவதும் உண்டு. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) படத்தில் சிவப்புச் சுவர் கழிப்பறையில் இரண்டு பேர் பேசும் காட்சியில் கேமரா பளிச்சென்று கோட்டுக்கு எதிர்ப்பக்கம் தாவும். இருவரும் இடம் மாறிவிடுவார்கள். அந்தக் காட்சியில் யார் நிஜம், யார் யாருக்கு எஜமான் என்பதே குழம்பியிருக்கிறது. தாவல் அந்தக் குழப்பத்தை நம் உடம்புக்குள் போடுகிறது. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு இந்த விதியையே பொருட்படுத்தாதவர். அவர் படங்களில் எதிரெதிரே இருப்பவர்கள் இருவரும் ஒரே திசையில் பார்ப்பதைச் சர்வசாதாரணமாகக் காணலாம். “ஓசு செய்தாரே” என்பது மாணவர்களுக்குப் பிடித்த சாக்கு. ஆனால் ஓசு தாழ்ந்த கேமரா, பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸ் என்று பிடிவாதமாக இருந்தவர். கட்டுக்கு முன்னும் பின்னும் உருவங்கள் ஃபிரேமில் ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே அளவில் வரும்படி பார்த்துக்கொண்டார். ஒரு ஒழுங்கை விட்டவர் இன்னொரு ஒழுங்கைக் கடுமையாகப் பிடித்துக்கொண்டார். அதையும் சேர்த்துச் செய்வதென்றால் ஓசுவைத் தாராளமாகத் துணைக்கு அழைக்கலாம்.

மூன்று பேர் உட்கார்ந்தால்

இரண்டு பேர் காட்சி பழகியதும் மூன்று பேர் வருவார்கள், அப்புறம் தலைவலி. மேசையின் தலைமாட்டில் அம்மா, இடப்பக்கம் மகன், வலப்பக்கம் மகள். மகன் மகளைப் பார்த்தால் ஒரு கோடு, அம்மாவைப் பார்த்தால் இன்னொரு கோடு, மகள் அம்மாவைப் பார்த்தால் மூன்றாவது.

கூர்ந்து பார்த்தால் சிக்கல் அம்மாவிடம் மட்டும்தான். மகன் யாரைப் பார்த்தாலும் வலப்பக்கம்தான் பார்க்கிறான். மகள் யாரைப் பார்த்தாலும் இடப்பக்கம். அம்மாவுக்கு இரண்டு லுக்: மகனுக்கு இடம், மகளுக்கு வலம். ஆகவே அம்மாவின் குளோசப்பை ஓரளவு நேருக்கு நேராக வைத்து, அவர் தலையைத் திருப்புவதை ஷாட்டுக்குள்ளேயே எடுங்கள். மகனைப் பார்த்துப் பேசுகிறார், திரும்புகிறார், மகளைப் பார்க்கிறார், அப்புறம் கட். திரும்புவதற்கு முன்னால் வெட்டி, அடுத்த முறை அம்மா வரும்போது ஏற்கெனவே வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் யாரிடம் பேசுகிறார் என்று கண்டுபிடிப்பதற்குள் வசனம் முடிந்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் போனஸ்: அந்த மேசையில் கோடுகள் சந்திக்கும் இடத்தில் யார் இருக்கிறாரோ அவர் கையில்தான் காட்சி. அம்மாவை அங்கே உட்கார வைப்பதும் தாத்தாவை உட்கார வைப்பதும் இரண்டு வேறு படங்கள். காப்பிக்கடை வட்டமேசையில் ஐந்து பேர் என்றாலும் இதே வழி. ஒருவரை அச்சாக்கிக்கொண்டு, மற்றவர்களை அவருக்கு இடம், வலம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

நடப்பதும் ஓடுவதும்

உட்கார்ந்திருப்பவருக்குப் பார்வை கோடு போடுகிறது என்றால், நகர்பவருக்குப் போகும் திசை கோடு போடுகிறது. ஒருவர் ஃபிரேமின் வலப்பக்கமாக வெளியேறினால் அடுத்த ஷாட்டில் இடப்பக்கமாக உள்ளே வர வேண்டும். வலப்பக்கமாகவே வந்தால் மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வருகிறார் என்று தோன்றும்.

தைப்பூசத்தைப் படம் பிடிக்கும் ஆவணப்பட மாணவர்களுக்கு இது மிகவும் தேவை. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் காவடிகள் போகின்றன. யாரையும் திரும்ப நடக்கச் சொல்ல முடியாது. சாலையின் ஒரு பக்கத்தில் கொஞ்சம், எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் என்று எடுத்து வந்தால் பாதிக் காவடிகள் கோயிலுக்குப் போகும், பாதிக் காவடிகள் கோயிலிலிருந்து வரும். இரண்டு கூட்டமும் நடுவழியில் மோதிக்கொள்ளப்போவதுபோல இருக்கும். காலையிலேயே ஒரு பக்கத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். நண்பர் இன்னொரு கேமராவோடு வந்தால் அவரும் அதே பக்கம். இடையிடையே காவடி நேராகக் கேமராவை நோக்கி வரும் ஷாட்டுகள் சில வேண்டும். பின்னால் பக்கம் மாற வேண்டியிருந்தால் அவைதான் பாலம். சாலை திரும்பும் முனையில் காவடி திரும்புவதை முழுசாக, வெட்டாமல் எடுத்து வையுங்கள்.

எம்ஆர்டியில் ஒரு வேடிக்கை உண்டு. அல்ஜூனிட், பாய லேபார் பக்கம் கிழக்கு மேற்குப் பாதை தரைக்கு மேலே போவதால் மாணவர்கள் அங்கே எடுக்க விரும்புவார்கள். பெட்டிக்குள் கேமரா சன்னலைப் பார்க்கிறது. ரயில் திரையில் இடப்பக்கமாகப் போகிறது. அடுத்து வெளியிலிருந்து ரயிலைக் காட்ட வேண்டும். அதே சன்னல் தெரியும் பக்கத்தில் போய் நின்றால் ரயில் வலப்பக்கமாகப் போகும். தப்பு! உள்ளே கேமரா வடக்கைப் பார்த்தால் வெளியேயும் அது வடக்கைப் பார்க்க வேண்டும், அதாவது ரயிலின் மறுபக்கம் போய் நிற்க வேண்டும். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். காகிதத்தில் மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்தால் உடனே விளங்கும்.

கார்க் காட்சிக்கும் காகிதம் வேண்டும். இங்கே ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். முன்கண்ணாடி வழியே எடுத்தால் ஓட்டுநர் திரையில் இடப்பக்கம் தெரிவார்; பின்சீட்டிலிருந்து எடுத்தால் வலப்பக்கம். முன்னாலும் பின்னாலும் மாற்றி மாற்றி வெட்டினால் ஓட்டுநரும் பயணியும் ஒவ்வொரு கட்டிலும் இடம் மாறுவார்கள். ஒரு பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இடப்பக்கம் உட்காரும் அமெரிக்கக் காணொளியைப் பார்த்து ஸ்டோரிபோர்ட் (ஷாட்டுகளை முன்கூட்டியே வரைந்த படங்கள்) போட்டவர்கள் அதைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

கைப்பேசியில் பேசும் இருவர் வெவ்வேறு ஊரில் இருந்தாலும் ஒருவர் வலம், மற்றவர் இடம் பார்க்கட்டும். பிடோக்கில் மகள், திருச்சியில் பாட்டி என்றாலும் அவர்கள் எதிரெதிரே இருப்பதுபோல மனம் ஏற்றுக்கொள்ளும்.

பழகும் விதம்

படப்பிடிப்புக்கு முன்னால் ஒவ்வொரு காட்சிக்கும் மேலிருந்து பார்க்கும் தரைப்படம் போடுங்கள். ஆளுக்கு ஒரு வட்டம், மூக்குக்கு ஒரு சின்ன முனை, கேமராவுக்கு ஒரு ‘வி’. யாராவது நகர்ந்தால் அம்புக்குறி. பேசும் காட்சியில் பொதுவாக ஒருவர் பக்கத்தை முழுவதும் எடுத்துவிட்டுத்தான் விளக்குகளை மாற்றி மற்றவர் பக்கம் போவோம். இரண்டுக்கும் நடுவில் சாப்பாட்டு வேளை வந்துவிடும், யாருக்கும் லுக் நினைவிருக்காது. முதல் ஆளின் குளோசப்பை மானிட்டரிலிருந்து கைப்பேசியில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டாவது ஆளின் ஃபிரேமுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும்.

படம் பார்க்கும்போதும் பழகலாம். கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கு 2008இல் சென்ற எரிக் கூவின் ‘மை மேஜிக்’ தமிழ் பேசும் சிங்கப்பூர்ப் படம். கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ 2016இல் அதே விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இவற்றில் ஏதாவது பத்து நிமிடத்தை ஒலியை அணைத்துவிட்டுப் போட்டு, ஒவ்வொரு கட்டிலும் நிறுத்தி யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பக்கம் மாறும் இடங்களில் கதையில் என்ன மாறியது என்று பக்கத்தில் எழுதுங்கள். சில இடங்களில் ஒன்றும் மாறியிருக்காது. எல்லா இயக்குநரும் எல்லாக் கட்டையும் யோசித்து வெட்டுவதில்லை.

எடுத்தாகிவிட்டது, எடிட்டிங்கில்தான் தெரிகிறது, மறுபடி எடுக்க வழியில்லை என்றால்? எடிட்டிங் மென்பொருளில் ஷாட்டை இடவலமாகப் புரட்டும் வசதி இருக்கிறது. வலப்பக்கம் பார்த்தவர் இடப்பக்கம் பார்ப்பார். வெறும் சுவருக்கு முன்னால் இறுக்கமான குளோசப் என்றால் பல நேரம் தப்பித்துவிடலாம். ஆனால் புரட்டுவதற்கு முன் ஃபிரேமை மூலைக்கு மூலை பாருங்கள். பின்னணியில் புளோக் எண் இருந்தால் அது கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிவிடும். சட்டைப்பை மார்பின் மறுபக்கம் போகும், தலை வகிடு மாறும், கைக்கடிகாரம் கை மாறும். அக்கா மூக்குத்தி போட்டிருந்தால் அது மூக்கின் மறுபக்கம் போய்விடும், அதை மட்டும் நம் வீட்டுப் பெரியவர்கள் யாராவது கட்டாயம் கண்டுபிடித்துக் கேட்பார்கள்.